ஏலகிரியில 8 ரூம் காட்டேஜ் ஓடுது, கூடவே அட்வென்ச்சர் சென்டர் போடலாமா?

நீங்க கேட்டதைச் சுருக்கிச் சொன்னா இதுதான்: ஏலகிரியில எட்டு ரூம் காட்டேஜ், மூணு ஏக்கர் பட்டா நிலம், சனி ஞாயிறு ஃபுல், வாரநாள்ல காலி. அதனால ஜிப்லைன் (கம்பில தொங்கிட்டே சறுக்கிப் போறது), ரோப் கோர்ஸ் (கயித்து மேல நடந்து தாண்டிப் போறது), சுவாமிமலை ட்ரெக்கிங்னு ஆரம்பிச்சா வாரநாளும் ஓடுமா, என்ன பர்மிஷன் வேணும், போட்ட காசு எப்போ வரும். இந்தப் பக்கம் ரிசார்ட்டுங்களுக்கு அவுட்டோர் ப்ரோக்ராம் எடுத்துக் குடுக்குற வேலைலதான் நான் இருக்கேன், அதனால கொஞ்சம் நீளமாவே சொல்றேன்.

ஓடும். ஆனா நீங்க நினைக்கிற மாதிரி ஓடாது.

முதல்ல ஒண்ணு புரிஞ்சுக்கணும். ரூம் தொழில்ல கெஸ்ட் என்ன கேட்டாலும் சரிங்க சார்னு சொல்றவன்தான் ஜெயிப்பான். ராத்திரி பதினொண்ணு மணிக்கு பரோட்டா கேட்டாலும் அத்தனாவூர் வரைக்கும் ஆள் அனுப்பி வாங்கிக் குடுப்பீங்க, அப்பதான் நல்ல ரிவ்யூ வரும். கயித்துல ஆள தொங்க விடுற தொழில் அப்படியே தலைகீழ். நேத்து ராத்திரி குடிச்சீங்க, இன்னிக்கு காலைல ஏற வேணாம். வெயிட் லிமிட்டுக்கு மேல இருக்கீங்க, முடியாது. மேகம் கட்டிருச்சு, எல்லாரையும் இறக்குறோம், இப்படி மூஞ்சிக்கு நேரா சொல்லத் தெரிஞ்சவன்தான் இதுல நிக்க முடியும். இந்த ரெண்டையும் ஒரே மேனேஜர் பண்ணா கண்டிப்பா ஏதோ ஒண்ணு கெடும், பெரும்பாலும் கெடுறது ரெண்டாவதுதான், ஏன்னா ரிவ்யூ இன்னிக்கே வரும், விபத்து என்னிக்கோ வரும். அதனால ஆக்டிவிட்டிக்குனு தனியா ஒருத்தர் வேணும், அவர் நிறுத்துனா முதலாளி நீங்களே வந்து சொன்னாலும் திரும்ப ஓடக்கூடாது. இதுக்கு மனசு ஒப்பலைனா கேம்ப்ஃபயரும் கேரம் போர்டும் போதும், தப்பே இல்ல.

இப்ப நிலம். மூணு ஏக்கர் பட்டானு சொல்றீங்க, அது என்ன பட்டானு முதல்ல பாருங்க. மலைல நிறைய இடம் நிபந்தனைப் பட்டா, கை மாறவே கூடாத நிலம் கை மாறி இருக்கும், காட்டேஜ் கட்டினப்போ யாரும் கேட்டிருக்க மாட்டாங்க, ஆனா ஜிப்லைனுக்குனு 40 அடி டவர் எழுப்பினா ஊரே அண்ணாந்து பார்க்கும், அப்போ கேப்பாங்க. உங்க கிராமம் மலைப்பகுதி பாதுகாப்பு ஆணையம், அதான் ஹாகானு சொல்லுவாங்களே, அந்தப் பட்டியல்ல வருதானு டவுன் ப்ளானிங் ஆபீஸ்ல சர்வே நம்பரோட எழுதிக் குடுத்து எழுத்துலயே பதில் வாங்குங்க. வருதுன்னா பொக்லைன் விட்டு மண்ணு வெட்டுறதுக்கே தனி அனுமதி. விவசாய நிலமா இருந்தா நிலப் பயன்பாட்டு மாற்றம் வேற. ஊராட்சி, தீயணைப்பு, சாப்பாட்டுக்கு எஃப்எஸ்எஸ்ஏஐ இதெல்லாம் காட்டேஜுக்கே எடுத்திருப்பீங்க. சுற்றுலாத்துறைல அட்வென்ச்சர் ஆபரேட்டருக்கும் கேம்பிங் ஆபரேட்டருக்கும் தனித்தனியா பதிவு முறை இருக்கு, ஹோம்ஸ்டே பதிவு இருக்கேனு அதுலயே ஓட்ட முடியாது.

ட்ரெக்கிங் விஷயம் தனி. சுவாமிமலை மங்கலம் கிராமத்துலேர்ந்து பக்கம்தான், ஊர்ப் பசங்க தூங்கிக்கிட்டே ஏறுவாங்க, அதுக்கு என்னத்துக்கு பர்மிஷன்னு நினைப்பீங்க. 2018 மார்ச் 11 குரங்கணியை யாரும் மறக்கல. கொழுக்குமலைலேர்ந்து இறங்கிட்டு இருந்தவங்க காஞ்ச புல்லு சரிவுல தீக்குள்ள மாட்டி 23 பேர் இறந்தாங்க. அதுக்கு அப்புறம்தான் தமிழ்நாட்டுல ட்ரெக்கிங்குக்குனே விதிகள் வந்துச்சு. 2024 அக்டோபர்ல அரசே 'ட்ரெக் தமிழ்நாடு'னு 40 பாதைகளைத் திறந்து ஆன்லைன் புக்கிங், உள்ளூர் கைடுனு ஒரு ஒழுங்குக்கு கொண்டு வந்திருக்கு, ஏலகிரி சுவாமிமலையும் ஜலகாம்பாறையும் அந்தப் பட்டியல்ல இருக்கு. சோ நீங்களா ஒரு பையனை அனுப்பி கெஸ்டைக் காட்டுக்குள்ள கூட்டிட்டுப் போற வேலையே வேணாம், ரிசர்வ் ஃபாரஸ்ட் கல்லைத் தாண்டினா அது வனச் சட்டத்துல குற்றம். அரசு பாதைல கெஸ்டுக்கு புக் பண்ணிக் குடுத்து டிஃபன் கட்டி, வண்டில விட்டு கூட்டிட்டு வாங்க, அதுல உங்களுக்கு ரூம் வாடகை நிக்குது, அது போதும். பிப்ரவரி நடுவுலேர்ந்து ஏப்ரல் நடு வரைக்கும் தீ சீசன், அந்த நேரத்துல பாதையை மூடிடுவாங்க, அதனால உங்க வருஷக் கணக்குல அந்த ரெண்டு மாசம் ட்ரெக் வருமானம் பூஜ்யம்னே போட்டுக்கோங்க.

உங்க நிலத்துக்குள்ளயும், புங்கனூர் நிலாவூர் பக்கம் ஊர் வழிப் பாதைலயும் நடத்துற வாக், சைக்கிள், மேப் பார்த்துத் தேடுற விளையாட்டு, இதெல்லாம் தாராளமா பண்ணலாம். ஊர்க்காரங்க தோட்டத்து வழியா போனா அவங்ககிட்ட கேட்டுக்கிட்டு, சீத்தாப்பழ சீசன்ல அவங்ககிட்டயே பழம் வாங்கிக் குடுத்து, அவங்க வீட்டுப் பசங்களையே கைடா போடுங்க. இது புண்ணியக் கணக்கு இல்ல, ஒரு பிரச்சனைனு வந்தா முதல்ல ஓடி வர்றது அவங்கதான்.

டென்ட் போடலாமானு கேட்டிருந்தீங்க. ஏலகிரியில யானைப் பயம் கிடையாதுதான், இருந்தாலும் 2021 ஜனவரில வயநாடு மேப்பாடியில ரிசார்ட் டென்ட்ல தங்கினவங்கள்ல ஒரு பொண்ணை யானை அடிச்சுக் கொன்னதுக்கு அப்புறம் டென்ட்னாலே அதிகாரிங்க ஒரு மாதிரி பார்ப்பாங்க. இங்க உங்க கவலை பாம்பும் இடியும்தான். ஜிப் ஒழுங்கா மூடுற டென்ட், தரைலேர்ந்து உசத்தின மேடை, டாய்லெட் வரைக்கும் லைட், இது மூணும் இல்லாம போடாதீங்க.

இப்ப ஜிப்லைனுக்கு வரேன், ஏன்னா எல்லாரும் ஆரம்பிக்கிறது அங்கதான், நான் கடைசில வைங்கன்னு சொல்றதும் அதைத்தான். இன்ஸ்டாவுல நல்லா இருக்கும், உண்மை. ஆனா அது ஒரு மெஷின் மாதிரி, டிசைன் பண்ணத் தெரிஞ்ச இன்ஜினியர் கையெழுத்து போட்டுக் குடுக்கணும், மண் டெஸ்ட் பண்ணி ஃபவுண்டேஷன் போடணும், காசு மிச்சம்னு சில்வர் ஓக் மரத்துல கட்டுறவங்க இருக்காங்க, காத்துக்கு ஒடியிற மரம் அது. பக்கத்து ரிசார்ட்ல போட்ட வெல்டரே எனக்கும் போட்டுடுவாருனு சொல்றவங்கள நான் நிறைய பார்த்திருக்கேன். அப்படிப் போட்ட ஒரு லைனைப் பார்க்கப் போனா நான் முதல்ல பார்க்கிறது கம்பி நுனியைத்தான். கம்பியை மடக்கி யூ போல்ட் கிளாம்ப் போட்டிருப்பாங்க இல்லையா, அந்தக் கிளாம்ப்ல பள்ளம் வெச்ச கட்டை ஒரு பக்கம், வளைஞ்ச போல்ட் ஒரு பக்கம். பள்ளம் வெச்ச கட்டை லோடு தாங்குற நீளக் கம்பி மேல உக்காரணும், போல்ட் வளைவு மடங்கி வந்த குட்டை நுனி மேல உக்காரணும். மாத்திப் போட்டா வளைவு லோடு கம்பியை நசுக்கி இழை இழையா அறுக்கும், வெளிய பார்த்தா டைட்டா அழகா இருக்கும். பல இடத்துல ஒண்ணு இப்படி ஒண்ணு அப்படினு மாத்தி மாத்திப் போட்டு வெச்சிருப்பாங்க, பார்க்க பேலன்ஸா இருக்கணுமாம்! இதைப் பார்த்த உடனே மத்தது எதையும் பார்க்காம திரும்பி வந்துடலாம், அதைப் போட்டவருக்கு வேலை தெரியாது.

அப்புறம் வெயிட். வெயிட் கம்மியான குழந்தை பாதிலயே நின்னுடும், அதிகமானவர் எண்ட்ல வேகமா வந்து மோதுவாரு, எதிர்காத்து அடிச்சா ஒரு கணக்கு, பின்காத்து அடிச்சா வேற கணக்கு. அதனால மேடைல தராசு இருக்கணும், கெஸ்ட் வாயால சொல்ற வெயிட்டை நம்பக் கூடாது. நடுவுல நின்னவங்கள எப்படி இழுத்துட்டு வர்றதுனு தினமும் காலைல ஸ்டாஃப் ஒருத்தரையே நிறுத்திப் பழகணும், ஹார்னஸ்ல, அதான் இடுப்புலயும் தொடைலயும் மாட்டுற பட்டைல, அசையாம தொங்கிட்டே இருந்தா காலுக்கு ரத்தம் இறங்கி நிமிஷக் கணக்குல மயக்கம் வரும், ஏணி தேடிட்டு இருக்க நேரம் இருக்காது. துப்பட்டா, விரிச்சு விட்ட முடி, கழுத்துல தொங்குற ஐடி கார்டு எல்லாம் கம்பி மேல ஓடுற சக்கரத்துல, அதான் புல்லியில, சிக்கும், கிளம்புற எடத்துலயே ஒரு டப்பா நிறைய ரப்பர் பேண்டு வைங்க. 2025 ஏப்ரல்ல புனே பக்கம் போர்ல ஒரு ரிசார்ட்ல ஜிப்லைனுக்கு ஏற்பாடு நடக்கும்போதே மேலேர்ந்து விழுந்து ஒரு பொண்ணு இறந்துச்சு. ஓடுறப்போ மட்டும் இல்ல, மேடைல நிக்கிறப்பவும் கெஸ்ட் ஏதாவது ஒண்ணுல மாட்டியே இருக்கணும், ஒரு கொக்கியைக் கழட்டுறதுக்கு முன்னாடி இன்னொண்ணு மாட்டியிருக்கணும்.

அப்ப எதுல ஆரம்பிக்கலாம்? முழங்கால் உசரத்துக்குள்ள இருக்கிற லோ ரோப்ஸ், டீம் கேம்ஸ், உங்க நிலத்துல பாறை இருந்தா போல்டரிங், அதாவது கயிறு இல்லாம சின்னப் பாறைல ஏறுறது. ஏலகிரியில பாறைக்கு என்ன பஞ்சம். அடுத்த கட்டமா டாப் ரோப் க்ளைம்பிங் (மேல கட்டின கயிறு பிடிச்சு நிக்க, பாறை ஏறுறது), ரேப்பலிங் (கயித்துல பாறைலேர்ந்து இறங்குறது), இதை முதல் ஒரு வருஷம் சொந்தமா பண்ணாம சென்னை பெங்களூர்லேர்ந்து வர்ற ஒரு நல்ல டீமை வாரக்கடைசிக்கு மட்டும் வரவெச்சுப் பங்கு போட்டுக்கோங்க. கெஸ்ட் உண்மையிலயே காசு குடுத்துப் பண்றாங்களானு உங்களுக்கு ஐடியா கிடைக்கும். ஆனா வெளி டீம் பண்ணதுனு நீங்க கை கழுவ முடியாது, இடம் உங்களுது, எஃப்ஐஆர்ல உங்க பேரும் வரும்.

பாறைன்னதும் மலைத்தேனீ. கூடு பாறை விளிம்புக்கு அடியில, மேல நிக்கிறவனுக்கு தெரியாத இடத்துல இருக்கும். ஒவ்வொரு நாளும் கயிறு போடுறதுக்கு முன்னாடி கீழேர்ந்து ஒருத்தர் பார்க்கணும், சென்ட் அடிச்சுட்டு வந்தவங்கள ஏத்தாதீங்க, பக்கத்துல குப்பை கொளுத்தாதீங்க. இடிக்கு ஒரு எளிய கணக்கு இருக்கு: மின்னலுக்கும் சத்தத்துக்கும் நடுவுல 30 செகண்டுக்குள்ள இருந்தா எல்லாரும் கீழ, கடைசி சத்தம் கேட்டு 30 நிமிஷம் கழிச்சுதான் திரும்ப மேல. மே மாசம், அப்புறம் செப்டம்பர் அக்டோபர் சாயங்காலம் இது அடிக்கடி நடக்கும், மதியம் மூணு மணிக்கு மேல புக்கிங்கே எடுக்காம விடுறது இன்னும் நிம்மதி.

சாமான் வாங்குறப்போ ஆன்லைன்ல விலை குறைச்சு பார்த்து வாங்காதீங்க. சாவிக்கொத்து கொக்கியும், ஆள் பாரம் தாங்குற க்ளைம்பிங் கொக்கியான காரபினரும் போட்டோவுல ஒண்ணு போலவே இருக்கும். காரபினர் உடம்புலயே நீளவாக்கு பலம் எழுதியிருக்கும், 20 கிலோநியூட்டனுக்கு கீழ இருந்தா தொடாதீங்க. ஹார்னஸ்னா இஎன் 12277, ஹெல்மெட்னா இஎன் 12492, ரேப்பலிங்குக்கு ஸ்டேட்டிக் கயிறுனா இஎன் 1891, இதெல்லாம் ஐரோப்பிய தர நம்பர், இதைப் பார்த்து வாங்குங்க. கட்டடத்துல போடுற மஞ்சள் ஹெல்மெட் தாடை பட்டையோட வந்தாலும் இதுக்கு ஆகாது. துணி, நைலான் சாமான் எல்லாம் தொடாம பெட்டில வெச்சிருந்தாலும் தயாரிச்ச தேதிலேர்ந்து பத்து வருஷம்தான்னு கம்பெனிங்களே சொல்லுது, நம்ம ஊர் வெயில்ல தினமும் யூஸ் பண்ணா அதுல பாதி கூட வராது. ஒவ்வொண்ணுக்கும் நம்பர் போட்டு ஒரு நோட்டுல வாங்கின தேதி, யூஸ் பண்ண தேதி, செக் பண்ணவர் கையெழுத்து. பழசானதை கத்தியால வெட்டிப் போடுங்க, ஸ்டோர் ரூம்ல வெச்சா என்னிக்காவது கூட்டம் அதிகமான ஞாயித்துக்கிழமை யாராவது எடுத்து மாட்டிடுவாங்க.

ஆளுங்கதான் இதுல பெரிய செலவு, பெரிய தலைவலியும் கூட. 2018 ஜூலைல கோவை பக்கம் ஒரு காலேஜ்ல பேரிடர் பயிற்சினு சொல்லி ரெண்டாவது மாடிலேர்ந்து குதிக்க வெச்சப்போ ஒரு மாணவி இறந்தாங்க, பயிற்சி குடுத்தவர் தேசிய பேரிடர் மேலாண்மை ஆணையத்தோட ஆளுனு சொல்லிக்கிட்டவர், அந்த ஆணையமோ அவருக்கும் எங்களுக்கும் சம்பந்தமே இல்லைனு சொல்லிட்டாங்க. சர்டிஃபிகேட் காட்டினா அது குடுத்த இடத்துக்கு நீங்களே மெயில் போட்டுக் கேளுங்க. உத்தரகாசி நிம், டார்ஜிலிங் எச்எம்ஐ மாதிரி மலையேற்றப் பயிற்சி நிறுவனங்கள்ல பேசிக் மவுண்டனீரிங் கோர்ஸ் 28 நாள், நல்ல அடித்தளம், ஆனா அது கத்துக்கிறவனுக்கான கோர்ஸ், கத்துக் குடுக்க லைசென்ஸ் இல்ல. அதுக்கு மேல அட்வான்ஸ், அப்புறம் மெத்தட் ஆஃப் இன்ஸ்ட்ரக்‌ஷன்னு ஒண்ணு இருக்கு, தலைமைக்கு எடுக்கிறவர்கிட்ட அதைப் பாருங்க. உள்ளூர் பசங்க ரெண்டு பேரை உங்க செலவுல பேசிக் கோர்ஸுக்கு அனுப்பி வைங்க, சீட் கிடைக்க மாசக்கணக்குல காத்திருக்கணும், இப்பவே அப்ளை பண்ணுங்க. கண்டிப்பா ஒரு பொண்ணாவது இன்ஸ்ட்ரக்டரா வேணும். ஹார்னஸ் செக்னா இடுப்புப் பட்டை, தொடைப் பட்டையை கையால இழுத்துப் பார்க்கிறது, அதை ஆம்பள பையன் கூச்சப்பட்டு கண்ணாலயே பார்த்து விட்டுட்டா அது செக்கே இல்ல, தொட்டுப் பார்த்தா கெஸ்ட்டுக்கு சங்கடம். ஸ்கூல் குரூப் பிடிக்கணும்னா முதல் கேள்வியே லேடி ஸ்டாஃப் இருக்காங்களானுதான் வரும்.

சம்பளத்தை மாசச் சம்பளமா குடுங்க, தலைக்கு இவ்ளோனு கமிஷன் போடாதீங்க. ஒரு ஆளை ஏத்துனா அம்பது ரூபா கிடைக்கும்னா எந்தப் பையன் வேணாம் இறங்குங்கனு சொல்லுவான்? அதே மாதிரி ரூம் எடுத்தா ஆக்டிவிட்டி ஃப்ரீனு போர்டு வெக்காதீங்க, காசு கட்டிட்டேன் பண்ணியே ஆவேன்னு மழைல நின்னு சண்டை போடுவாங்க. தனி விலை, நாங்க நிறுத்துனா முழு காசு திரும்ப, இது ரெண்டும் ரிசப்ஷன்லயே பெருசா எழுதி வைங்க.

தனி விலை இன்னொரு விதத்துலயும் நல்லது. 2025 செப்டம்பர் 22க்கு அப்புறம் ஒரு நாளைக்கு 7,500 ரூபா வரைக்கும் உள்ள ரூமுக்கு ஜிஎஸ்டி 5 சதவீதம், ஆக்டிவிட்டிக்கு 18. ரெண்டையும் சேர்த்து பேக்கேஜ்னு ஒரே தொகை போட்டா மொத்தத்துக்கும் 18 கட்டுனு கேக்க வாய்ப்பு இருக்கு. ஆடிட்டரை வெச்சு பில் ஃபார்மட்டை முதல்லயே பிரிச்சுக்கோங்க.

எல்லாரும் கையெழுத்து வாங்குற அந்த 'என் சொந்தப் பொறுப்பில் செய்கிறேன்' பேப்பர் இருக்கே, வாங்குங்க, பதினெட்டு வயசுக்கு கீழனா அப்பா அம்மாகிட்ட வாங்குங்க, ஆனா அது உங்க அலட்சியத்துக்கு கவசம் கிடையாது. அதோட வேலை கெஸ்ட்டுக்கு என்ன ஆபத்துனு சொல்றதும், ஆஸ்துமா, பிரெஷர், கர்ப்பம் இதெல்லாம் கேட்டுத் தெரிஞ்சுக்கிறதும்தான். பாரதிய நியாய சன்ஹிதா 106வது பிரிவுல அலட்சியத்தால மரணம்னா அஞ்சு வருஷம் வரைக்கும் சிறை, பழைய ஐபிசில ரெண்டா இருந்தது. காட்டேஜுக்கு எடுத்த இன்சூரன்ஸ்ல இது எதுவும் அடங்காது, பப்ளிக் லயபிலிட்டி தனியா எடுக்கணும், பாலிசில ஒவ்வொரு ஆக்டிவிட்டி பேரும் எழுதியிருக்கானு வரி வரியா படிங்க.

ஃபர்ஸ்ட் எய்டு தெரிஞ்சவர் ஒருத்தர் எப்பவும் இடத்துல, ஒரு வண்டி டிரைவரோட எப்பவும் ரெடியா. 108 மேல ஏறி வந்து திரும்ப 14 கொண்டை ஊசி இறங்கி திருப்பத்தூர் ஜிஎச் போய்ச் சேர எவ்ளோ நேரம் ஆகுதுனு கோடை விழா ட்ராஃபிக்ல ஒரு தடவை நீங்களே ஓட்டிப் பாருங்க, அப்புறம் எந்த ஆக்டிவிட்டி வேணும் வேணாம்னு உங்களுக்கே தோணும். சைடுல ஒண்ணு, உங்க போட்டோவுல ஸ்விம்மிங் பூல் பார்த்தேன், பக்கத்துல லைஃப்கார்டும் இல்ல ஆழம் எழுதின போர்டும் இல்ல. கயிறைப் பத்தி யோசிக்கிறதுக்கு முன்னாடி அதை சரி பண்ணுங்க, ராத்திரி பூட்டி வைங்க.

காசு கணக்கு. உதாரணத்துக்கு வாரக்கடைசில உங்க எட்டு ரூம்ல இருபது பேர், பாதிப் பேர் தலைக்கு 500 குடுத்து ஏறினா நாளைக்கு அஞ்சாயிரம், மாசம் எட்டு நாளைக்கு நாப்பதாயிரம். ரெண்டு இன்ஸ்ட்ரக்டர் சம்பளத்துக்கே அது பத்தாது. அதாவது உங்க ரூம் கெஸ்ட்டை மட்டும் நம்பி இது நிக்காது, வாரநாள் குரூப் வேணும், ஆனா ஒரு ஸ்கூல் பஸ்ல வர்ற அம்பது பேரைத் தூங்க வைக்க எட்டு ரூம்ல இடம் இல்ல. அதனால டவர் போட வெச்சிருக்கிற காசுல பாதியை எடுத்து ஆண் பெண் தனித்தனியா ரெண்டு டார்மிட்டரி, போதுமான பாத்ரூம், ஒரு ஷெட் போடுங்க. ஜோலார்பேட்டை ஜங்ஷன் மலைக்கு அடியிலயே இருக்கு, சென்னை பெங்களூர் ரெண்டு பக்கத்துலேர்ந்தும் ரயில்ல வந்துடலாம், ஸ்கூலுக்கு இதைவிட வசதி என்ன வேணும். ஸ்கூல் காலாண்டுப் பரீட்சை முடிஞ்சதும் கூப்பிடுவாங்க, அதுக்கு ஜூன்லயே போய் பிரின்சிபாலைப் பார்த்திருக்கணும். டார்மிட்டரிக்கு ஆள் வர ஆரம்பிச்சு, வெளி டீமோட ரேப்பலிங் ஒரு வருஷம் ஓடி, அதுல சேர்ந்த லாபத்துல ஜிப்லைன் போட முடிஞ்சா போடுங்க. கடன் வாங்கிப் போடாதீங்க, மாசத் தவணை கட்டணும்கிற நிலைமைல மழை நாள்ல லைனை மூட யாருக்கும் மனசு வராது.